தட்டம்மைக்கு 95 விழுக்காடு போதுமா? தேவையான தடுப்பூசி அளவைக் கணக்கிடும் முறை

தட்டம்மை பரவாமல் இருக்க 95 விழுக்காடு குழந்தைகளுக்கு இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று சுகாதார அறிக்கைகளும் செய்தித்தாள்களும் தொடர்ந்து சொல்லி வருகின்றன. அந்த எண் எப்படிக் கிடைத்தது, எந்தச் சூழலில் அது போதும், எந்தச் சூழலில் போதாது என்பதைப் புதிதாக இத்துறைக்கு வரும் மாணவர்களும் செவிலியர்களும் களப்பணியாளர்களும் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. இதற்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் போதும். சமூக நோயெதிர்ப்பு, மந்தை எதிர்ப்பாற்றல் என்று இரண்டு பெயர்களில் வழங்கும் நிலையைப் பற்றியே பேசப் போகிறோம். போதுமான பேர் பாதுகாப்புப் பெற்றுவிட்டால், ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குச் செல்லும் சங்கிலி தானே அறுந்துபோய், தடுப்பூசி போட முடியாத கைக்குழந்தையும் தப்பிக்கிறது என்பதே அதன் பொருள்.

தொடக்கத்திலேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதை விட, பாதுகாப்பில்லாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த வயதினர், எங்கே வாழ்கிறார்கள் என்று எண்ணுங்கள். நோய் பரவுவது அவர்கள் வழியாகத்தான்.

முதல் படி: இந்த நோய்க்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

எல்லாத் தடுப்பூசிகளுக்கும் இந்தக் கணக்கைப் போட முடியாது. இரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி மண்ணிலிருந்து காயத்தின் வழியாக உடலுக்குள் செல்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவதில்லை. ஆகவே ஊரில் 99 பேர் ஊசி போட்டுக்கொண்டாலும் போடாத நூறாவது மனிதருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. ஊசியாகப் போடப்படும் போலியோ மருந்து பக்கவாதத்தை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் குடலில் வைரஸ் பெருகி மலத்தின் வழியாக வெளியேறுவதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. தடுப்பூசி ஒருவரை நோயிலிருந்து காப்பது வேறு, அவர் வழியாக நோய் பரவாமல் தடுப்பது வேறு. சமூக நோயெதிர்ப்புக் கணக்குக்கு இரண்டாவது பண்பு கட்டாயம் வேண்டும்.

தட்டம்மைத் தடுப்பூசிக்கு இந்த இரண்டு பண்புகளும் உண்டு. பாதுகாப்பும் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நிலைக்கிறது. மனிதரைத் தவிர வேறு உயிரினம் எதுவும் இந்த வைரஸைத் தொடர்ந்து பேணி வைத்திருப்பதில்லை. எனவே கணக்கைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான நோய் கிடைப்பது அரிது.

இரண்டாம் படி: பரவல் எண்ணைக் கண்டறிதல்

யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஓர் ஊரில் ஒரு நோயாளி நுழைந்தால், அவர் நேரடியாகச் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பதே அடிப்படைப் பரவல் எண். தட்டம்மைக்கு அது 12 முதல் 18 வரை என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஆய்வுகளில் இதைவிட விரிந்த வீச்சும் கிடைத்துள்ளது. காரணம் எளிது: இந்த எண் வைரஸின் பண்பை மட்டும் காட்டுவதில்லை, வீட்டில் எத்தனை பேர் நெருக்கமாக இருக்கிறார்கள், குழந்தைகள் எந்த வயதில் பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ செல்லத் தொடங்குகிறார்கள் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. ஆகவே வேறொரு நாட்டில் கண்ட எண்ணை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது.

இதைத் தோராயமாக மதிப்பிட இரண்டு வழிகள் புதியவர்களுக்குப் பயன்படும்.

ஒன்று, தடுப்பூசி வருவதற்கு முன்பு அந்த நோய் சராசரியாக எந்த வயதில் வந்தது என்பதைக் கொண்டு கணக்கிடுவது. மக்கள்தொகை பெரிதாக மாறாத ஒரு நாட்டில், சராசரி ஆயுளை நோய் வரும் சராசரி வயதால் வகுத்தால் பரவல் எண் கிடைக்கும். ஆயுள் 70, நோய் வரும் வயது 5 என்றால் 70 ÷ 5 = 14. பிறப்பு மிகுந்து மக்கள்தொகை வேகமாக வளரும் இடத்தில் ஆயுளுக்குப் பதிலாகப் பிறப்பு வீதத்தின் தலைகீழை எடுத்துக்கொள்ள வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையைக் காக்கும் காலத்தை வயதிலிருந்து கழிக்கவும் வேண்டும். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 40 பிறப்பு என்றால் தலைகீழ் 1000 ÷ 40 = 25. நோய் வரும் வயது 2, தாய்வழிப் பாதுகாப்பு அரை ஆண்டு என்றால் 25 ÷ 1.5, அதாவது ஏறத்தாழ 17. குழந்தைகள் எவ்வளவு இளம் வயதில் நோய்க்கு ஆளாகிறார்களோ அவ்வளவு வேகமாக நோய் பரவுகிறது என்பதே இந்தச் சூத்திரத்தின் அடிப்படை.

இரண்டாவது வழி, நடந்துகொண்டிருக்கும் பரவலைப் பார்ப்பது. தட்டம்மையில் ஒருவருக்குத் தொற்றி, அவர் அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு ஏறத்தாழ 12 நாட்கள் ஆகின்றன. முதல் 12 நாட்களில் 4 பேர், அடுத்த 12 நாட்களில் 12 பேர், அதற்கடுத்து 36 பேர் என்று பட்டியல் வளர்ந்தால், ஒருவர் மூவருக்குக் கொடுக்கிறார். இந்த 3 அடிப்படை எண் அன்று; ஏற்கெனவே பலர் பாதுகாப்புடன் இருக்கும் ஊரின் நடப்புப் பரவல் எண். அந்தக் குழந்தைகளில் 20 விழுக்காட்டினர் மட்டுமே பாதுகாப்பற்றவர்கள் என்று தெரிந்தால், 3 ÷ 0.20 = 15 என்று அடிப்படை எண்ணுக்குத் திரும்பலாம். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு, "எங்கள் ஊரில் தட்டம்மையின் பரவல் எண் வெறும் 3தான், 67 விழுக்காடு போதும்" என்று முடிவு செய்தால் இலக்கு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

மூன்றாம் படி: வாசல் அளவு

ஒரு நோயாளி 15 பேருக்குக் கொடுக்கக்கூடியவர் என்றால், அந்த 15 பேரில் ஒருவருக்கு மேல் பாதுகாப்பற்றவராக இருக்கக் கூடாது. அப்போதுதான் ஒரு நோயாளியிடமிருந்து ஒருவருக்கு மேல் நோய் பரவாது. பதினைந்தில் ஒன்று என்பது 6.7 விழுக்காடு, எஞ்சிய 93.3 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றலுடன் இருக்க வேண்டும். பரவல் நிற்க எதிர்ப்பாற்றலுடன் இருக்க வேண்டிய இந்தக் குறைந்தபட்சப் பங்கே வாசல் அளவு. சூத்திரமாக எழுதினால், வாசல் அளவு = 1 − (1 ÷ பரவல் எண்). பரவல் எண் 12 என்றால் 91.7 விழுக்காடு, 18 என்றால் 94.4 விழுக்காடு. ரூபெல்லா எனப்படும் ஜெர்மன் தட்டம்மைக்குப் பரவல் எண் 6 முதல் 7 வரை என்று கொண்டால் 83 முதல் 86 விழுக்காடு வரும்.

நம் கணக்கு முழுவதும் அந்த 6.7 விழுக்காட்டைச் சுற்றியே இனி நகரும். அது நம்மிடம் உள்ள மொத்தச் சலுகை. தடுப்பூசி போட முடியாத கைக்குழந்தைகள், போட்டும் பலிக்காதவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுவதால் போடக் கூடாதவர்கள், போட மறுத்தவர்கள், விடுபட்டவர்கள் என எல்லோரும் அந்த 6.7க்குள் அடங்க வேண்டும்.

நான்காம் படி: தடுப்பூசியின் பலனைச் சேர்த்தல்

வாசல் அளவு எதிர்ப்பாற்றல் உள்ளவர்களைக் குறிக்கிறது, ஊசி போட்டவர்களை அன்று. புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இதுவே. ஒன்பதாவது மாதத்தில் போடப்படும் ஒரு தவணை தட்டம்மைத் தடுப்பூசி ஏறத்தாழ 85 விழுக்காடு குழந்தைகளுக்கே பாதுகாப்புத் தருகிறது. தாயின் எதிர்ப்பொருள் சிலரிடம் இன்னும் எஞ்சியிருந்து ஊசியின் வேலையைத் தடுப்பது இதற்கு ஒரு காரணம். ஓராண்டு நிறைந்த பிறகு போட்டால் ஒரு தவணைக்கு 93 விழுக்காடு, இரண்டு தவணைக்கு 97 விழுக்காடு என்று கொள்ளலாம்.

தேவையான தடுப்பூசி அளவு = வாசல் அளவு ÷ தடுப்பூசியின் பலன். பரவல் எண் 12, ஒன்பதாம் மாதத்தில் ஒரே தவணை என்றால் 91.7 ÷ 0.85 = 107.8 விழுக்காடு. நூறு பேரில் 108 பேருக்கு ஊசி போட முடியாது. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஒரே தவணையைக் கொண்டு தட்டம்மையை நிறுத்த இயலாது என்பதை இந்த ஒரு வரி நிறுவிவிடுகிறது. இரண்டாம் தவணையை விருப்பம்போல் போடும் கூடுதல் ஊசி என்று நினைக்கும் பெற்றோருக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு தவணையும் பெற்றவர்கள் என்று எடுத்துக்கொண்டால், பரவல் எண் 12க்கு 94.5 விழுக்காடும், 15க்கு 96.2 விழுக்காடும், 18க்கு 97.4 விழுக்காடும் தேவை. பரவலாகச் சொல்லப்படும் 95 என்ற இலக்கு இந்த வீச்சின் கீழ்முனையை ஒட்டியே நிற்கிறது. நெருக்கமான நகர்ப்புறக் குடியிருப்பில் அதை அடைந்துவிட்டோம் என்று ஓய்வெடுக்க முடியாது.

நடைமுறையில் முதல் தவணைக்கு வந்த எல்லோரும் இரண்டாம் தவணைக்கு வருவதில்லை. இந்தியாவில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள்ளும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகின்றன. ஓர் ஊரில் முதல் தவணை 95 விழுக்காடு, இரண்டாம் தவணை 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பெற்ற 90 பேரில் 87.3 பேரும், ஒன்று மட்டும் பெற்ற 5 பேரில் 4.25 பேரும் பாதுகாப்புப் பெறுவர். கூட்டினால் 91.6 விழுக்காடு, பாதுகாப்பற்றவர்கள் 8.4 விழுக்காடு. பரவல் எண் 15 என்றால் 15 × 0.084 = 1.26. ஒவ்வொரு நோயாளியும் ஒருவருக்கு மேல் கொடுக்கிறார். அறிக்கையில் அழகாகத் தெரியும் அந்த ஊரில் நோய் மெல்ல வளரும்.

இதே கணக்கு இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. ஆயிரம் குழந்தைகளில் 950 பேருக்கு இரண்டு தவணையும் போட்டாயிற்று, 50 பேருக்குப் போடவில்லை என்போம். போட்டவர்களில் பலிக்காதவர்கள் 28 அல்லது 29 பேர். நோய் நுழைந்தால் தாக்கப்படக்கூடிய 78 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டவர்களாகவே இருப்பர். "ஊசி போட்டவர்களுக்கும் வந்திருக்கிறதே" என்று கேட்பவருக்கு இதுவே விடை: போட்ட 950 பேரில் 29 பேருக்கே ஆபத்து, போடாத 50 பேரில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஆபத்து.

ஐந்தாம் படி: வயது வாரியாகப் பாதுகாப்பற்றவர்களை எண்ணுதல்

ஒரு லட்சம் மக்கள் உள்ள, ஆண்டுக்கு 1,500 குழந்தைகள் பிறக்கும் ஒரு கற்பனை நகரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் அனைவரும் முன்பே நோய் வந்தோ ஊசி போட்டோ பாதுகாப்புடன் இருக்கிறார்கள் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகள் 1,125 பேர். அவர்களில் சிலரைத் தாயின் எதிர்ப்பொருள் சில மாதங்கள் காக்கும் என்றாலும், கவனமாக இருக்க அனைவரையும் பாதுகாப்பற்றவர்களாகவே எண்ணுவோம். அதற்கு மேல், பத்து வயது வரை, ஒவ்வோர் ஆண்டின் பிறப்பிலிருந்தும் மேலே கண்ட 8.4 விழுக்காடு, அதாவது 126 பேர் வீதம் மொத்தம் ஏறத்தாழ 1,165 பேர். இரண்டையும் கூட்டினால் 2,290 பேர்; ஒரு லட்சத்தில் இது 2.3 விழுக்காடுதான்.

சலுகை 6.7 விழுக்காடு, இருப்பது 2.3 விழுக்காடு, ஆகவே நகரம் பாதுகாப்பானது என்று சொல்லிவிடத் தோன்றும். அது தவறு. எளிய சூத்திரம், ஊரில் உள்ள எவரும் எவரையும் ஒரே அளவில் சந்திக்கிறார்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஆறு வயதுக் குழந்தை தன் நாளின் பெரும்பகுதியை மற்ற ஆறு வயதுக் குழந்தைகளுடன் கழிக்கிறது. அறுபது வயதினரின் எதிர்ப்பாற்றல் அந்த வகுப்பறைக்குள் எந்தத் தடையும் ஏற்படுத்துவதில்லை. அந்த வகுப்பறையில் பாதுகாப்பற்றவர்கள் 8.4 விழுக்காடு, சலுகையை மீறிய அளவு. எனவே கணக்கை ஒவ்வொரு வயதுக் குழுவுக்கும் தனித்தனியே போடுங்கள்.

ஆண்டுக்கணக்கில் சேரும் இடைவெளி என்ன செய்யும் என்பதை 2019 இல் சமோவா தீவு நாடு கண்டது. 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகளுக்குத் தடுப்பூசியைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக வேறொரு மருந்தைத் தவறாகக் கலந்து செலுத்தியதால் இருவரும் இறந்தனர். தடுப்பூசியில் குறையில்லை என்றாலும் திட்டம் பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. மக்களின் நம்பிக்கை உடைந்தது. அவ்வாண்டு முதல் தவணை 31 விழுக்காட்டுக்குச் சரிந்தது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டன. 31 விழுக்காட்டுடன் 0.93ஐப் பெருக்கினால் 29. அந்த வயதுக் குழந்தைகளில் 71 விழுக்காட்டினர் பாதுகாப்பற்றவர்கள். பரவல் எண் 15 என்று கொண்டால், அவர்களுக்குள் மட்டும் ஒரு நோயாளி பத்துப் பேருக்கு மேல் கொடுக்கக்கூடிய நிலை. ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் கொண்ட நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது. 83 பேர் இறந்தனர், பெரும்பாலோர் ஐந்து வயது நிறையாதவர்கள். டிசம்பரில் அரசு அலுவலகங்களை மூடி, ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி ஊசி போட வேண்டியிருந்தது. நோய் வந்தே எதிர்ப்பாற்றல் சேரட்டும் என்று சொல்பவர்கள் அந்த 83 என்ற எண்ணையும் தங்கள் கணக்கில் சேர்த்தே பேச வேண்டும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, இலட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை–ரூபெல்லா சிறப்பு முகாம் தொடங்கியபோது, 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள அனைவருக்கும், முன்பு ஊசி போட்டிருந்தாலும், மீண்டும் போடப்பட்டது. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் அஞ்சினர்; "ஏற்கெனவே போட்டாயிற்றே, மறுபடி எதற்கு?" என்ற நியாயமான கேள்வியும் எழுந்தது. பல ஆண்டுகளாக, ஒவ்வோர் ஆண்டும் பிறந்தவர்களிடையே சேர்ந்திருந்த, பலிக்காத மற்றும் விடுபட்ட குழந்தைகளை ஒரே வீச்சில் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதே அதன் நோக்கம். யாருக்குப் பலிக்கவில்லை என்று தனித்தனியே இரத்தம் எடுத்துப் பார்ப்பதைவிட எல்லோருக்கும் போடுவது எளிது. முன்பே பாதுகாப்புள்ளவருக்கு இன்னொரு தவணையால் தீங்கில்லை.

ஆறாம் படி: சராசரியைப் பிரித்துப் பார்த்தல்

நெதர்லாந்தில் நாடு தழுவிய தடுப்பூசி அளவு 95 விழுக்காட்டுக்கு மேல் இருந்த காலத்தில், 2013–14 இல் 2,700 பேருக்குத் தட்டம்மை பதிவானது. மத நம்பிக்கையால் தடுப்பூசியைத் தவிர்க்கும் சீர்திருத்தக் கிறித்தவக் குடும்பங்கள் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு வரை ஒரு பட்டையாக அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றன. தங்கள் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் செல்கின்றன. நாட்டின் கணக்கில் சிறு பின்னமாகத் தெரிந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் பெரும்பான்மையினர். 2025 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கெய்ன்ஸ் மாவட்டத்தில் பரவல் தொடங்கியபோது, அங்கு மழலையர் பள்ளிக் குழந்தைகளில் 82 விழுக்காட்டினரே முழுத் தடுப்பூசி பெற்றிருந்தனர். 82 விழுக்காட்டுடன் 0.97ஐப் பெருக்க 79.5, பாதுகாப்பற்றவர்கள் 20.5 விழுக்காடு, 15 × 0.205, ஏறத்தாழ 3.

ஆகவே மாவட்ட எண் கிடைத்தவுடன் அதை வட்டாரமாகவும், துணை சுகாதார நிலைய எல்லையாகவும், முடிந்தால் பள்ளியாகவும் பிரியுங்கள். செங்கல் சூளையிலும் கட்டடப் பணியிடங்களிலும் தங்கியிருக்கும் புலம்பெயர் குடும்பங்களின் குழந்தைகள் எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். நூறு தெருக்களில் 99 தெருக்கள் முழுமையாக இருந்தாலும், ஊசி போடாத அத்தனை பேரும் நூறாவது தெருவில் இருந்தால், அந்தத் தெருவின் நடப்புப் பரவல் எண்ணே உங்கள் அறிக்கையின் முதல் வரியில் வர வேண்டும்.

ஏழாம் படி: எண்களின் நம்பகத்தன்மை

போட்ட தவணைகளை இலக்குக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்தே தடுப்பூசி விழுக்காடு பெறப்படுகிறது. வகுக்கும் அந்த எண்ணிக்கை பழைய, குறைவான கணிப்பாக இருந்தால் விடை 100ஐத் தாண்டும். அப்படித் தாண்டிய எண்ணைச் சாதனையாக எழுதாமல், பிறப்புப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தாய்சேய் நல அட்டையைப் பார்த்துப் பதிந்ததையும், தாயின் நினைவைக் கேட்டுப் பதிந்ததையும் தனித்தனியே வையுங்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் பாதுகாக்கப்பட்டதா, கரைத்த குப்பி நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். வெப்பத்தில் கெட்ட ஊசி ஏட்டில் ஒரு தவணையாகவும், குழந்தையின் உடலில் ஒன்றுமில்லாததாகவும் இருக்கும்.

இந்தக் கணக்கை மற்ற நோய்களுக்கு எடுத்துச் செல்லும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கொரோனாவுக்கு 2020 இல் பரவல் எண் ஏறத்தாழ 2.5 முதல் 3 என்று கொண்டு 60 முதல் 70 விழுக்காடு போதும் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. பின்னர் வந்த திரிபுகள் வேகமாகப் பரவின, தொற்றைத் தடுக்கும் ஆற்றலும் சில மாதங்களில் குறைந்தது, வாசல் அளவு எட்டாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. தடுப்பூசி மரணத்தைத் தடுத்தது உண்மை. ஆனால் அது வேறு கணக்கு. ரூபெல்லாவிலோ, பாதி அளவில் நின்றுவிடும் திட்டம் தீங்கும் செய்யும். குழந்தைகளிடையே பரவல் குறைவதால், ஊசி பெறாதவர்கள் நோயைச் சந்திக்கும் வயது உயர்ந்து, கர்ப்ப காலத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. கிரேக்க நாட்டில் குறைந்த அளவிலேயே ஊசி போடப்பட்டு வந்த நிலையில் 1993 இல் ஏற்பட்ட ரூபெல்லாப் பரவலுக்குப் பின் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் பிறந்தனர்.

எட்டாம் படி: விடையை எழுதி, ஆண்டுதோறும் புதுப்பித்தல்

ஒரே எண்ணாக விடையைத் தராதீர்கள். பரவல் எண் 12, 15, 18 என்ற மூன்றுக்கும், தடுப்பூசியின் பலன் 95, 97 என்ற இரண்டுக்கும் கணக்கிட்டு, குறைந்த அளவு முதல் மிகுந்த அளவு வரை எழுதுங்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு பகுதியிலும் பாதுகாப்பற்ற குழந்தைகளின் எண்ணிக்கையைத் தலைக்கணக்காகக் கொடுங்கள். 91.6 விழுக்காடு என்பதைவிட "இந்த ஆண்டு 126 குழந்தைகள்" என்பது கிராம சுகாதார செவிலியருக்கு வேலையைத் தெளிவாகக் காட்டும்.

அந்தத் தலைக்கணக்கை ஆண்டுதோறும் கூட்டி வாருங்கள். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளில் பாதுகாப்பற்றவர்களின் கூட்டுத்தொகை ஓராண்டுப் பிறப்பு எண்ணிக்கையை நெருங்கும்போது சிறப்பு முகாம் நடத்துவது உலக அளவில் பின்பற்றப்படும் நடைமுறை. நம் கற்பனை நகரில் ஆண்டுக்கு 126 பேர் வீதம் சேர்ந்தால் ஐந்தாண்டுகளிலும் 630 பேரே சேர்வர். வழக்கமான தடுப்பூசிப் பணியும், பள்ளிச் சேர்க்கையின்போது விடுபட்டவர்களைக் கண்டு ஊசி போடுவதும் அதைச் சமாளிக்கும். முதல் தவணை 60 ஆகவும் இரண்டாம் தவணை 40 ஆகவும் சரிந்தாலோ பாதுகாப்புப் பெறுபவர்கள் 55.8 விழுக்காடுதான், ஆண்டுக்கு 663 குழந்தைகள் விடுபடுவர், இரண்டே கால் ஆண்டில் 1,500 நிறைந்துவிடும். அப்படியானால் முகாமுக்கான ஊசி, பனிப்பெட்டி, ஆள் ஆகியவற்றை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள்ளேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும்.